பலன் காணப்படவில்லை

அன்புள்ள கமாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவின் முழங்கால் நலம், என் சர்க்கரை நலம், என் மானம் மட்டும் செவ்வாய்க்கிழமையிலிருந்து கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். மானத்துக்கு வந்த நோயை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா அதற்குக் கை கால் மூக்கு வைத்துச் சொல்லிவிடுவாள். இலையைப் படம் பிடித்தால் பயிருக்கு என்ன நோய் என்று சொல்கிற உன் ஆப்பை என் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதை மருந்துக் கடை வரிசையில் நிற்கும்போது பெருமைக்கு எடுத்துக் காட்டினேன். என் மகள் கண்டுபிடித்தது என்று முன்னால் நின்றவருக்குச் சொன்னேன், பின்னால் நின்றவருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். கடைக்காரர் சும்மா இருக்காமல் மேஜைமேல் வைத்திருந்த பூந்தொட்டியைக் காட்டி, எங்கே பாருங்கள் என்றார். குனிந்தேன், பிடித்தேன், இலைக்கருகல் நோய், தொண்ணூற்றிரண்டு சதவீதம், உடனே மருந்து தெளிக்கவும் என்று வந்தது. அவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், இதுல இலையே இல்ல, உங்க கட்டை விரல்தான் இருக்கு, எத்தனை மில்லி தெளிக்கட்டும்?" என்று கேட்டார். வரிசை மொத்தமும் சிரித்தது, இருமலுக்கு மருந்து வாங்க வந்த ஒருவர் இருமி இருமிச் சிரித்தார். அதிலிருந்து அந்தத் தெருப் பக்கமே நான் போவதில்லை, என் மாத்திரையைக்கூட அம்மாதான் வாங்கி வருகிறாள், வரும்போதெல்லாம் விரலுக்கு இப்போது எப்படி இருக்கிறதாம் என்று கடைக்காரர் விசாரித்ததாக வேறு சொல்கிறாள்.

சிரித்தது போகட்டும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான், அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது எனக்கு முழுசாக உறைத்தது. ஆய்வுக்கூடத்தில் விளக்குப் போட்டு எடுத்த படத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரியாகச் சொல்கிற உன் ஆப், நிஜ வயலுக்குப் போனால் வெயிலிலும் தூசியிலும் காற்றிலும் பாதிதான் சரியாகச் சொல்கிறது என்றாய். வயலில் பார்த்த அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு, கூடத்தில் பார்த்ததை மட்டும் வைத்து ஆய்வேட்டைக் கொடு, பயிர் இன்ஷூரன்ஸ் கம்பெனி இதை வாங்கக் காத்திருக்கிறது என்று உன் கைடு சொல்வதாகச் சொன்னாய். விவசாயி எடுத்து அனுப்புகிற படத்தை வைத்துத்தான் இழப்பீடு உண்டா இல்லையா என்று அந்தக் கம்பெனி முடிவு செய்யப்போகிறது என்பதையும் சொன்னாய். பிறகு, "அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "பெரியவங்க சொன்னா காரணம் இருக்கும்மா, அவங்க சொல்றபடி செஞ்சிடு" என்று சொல்லிவிட்டு, சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல் போனை அம்மாவிடம் நீட்டிவிட்டேன். அந்தப் பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். போனில் எனக்கு வராது, உனக்கே தெரியும், வெயில் எப்படி மழை எப்படி என்பதைத் தாண்டி என் வாய் போகாது. எழுதினால் ஏதோ கொஞ்சம் வரும்.

நம் பழைய வீட்டின் முன்னறை மேஜை உனக்கு நினைவிருக்கிறதா, ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை வைத்திருப்போமே, அது. பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவில் நான் டைப்பிஸ்டாக இருந்த காலம் முழுக்க, வருஷத்துக்கு ஒரு முறை அந்த மேஜைக்கு உலகமே வந்துவிடும். மருத்துவம், கணினி, நிதி, வேளாண்மை என்று எல்லாத் துறைக்காரர்களும் அந்த வருஷம் என்ன கண்டுபிடித்தார்கள் என்பதை ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தருவார்கள், அதையெல்லாம் அடித்து ஒரே புத்தகமாக்குவது என் வேலை. எவ்வளவோ பேருடைய டாக்டர் பட்டம் என் பத்து விரல் வழியாகப் போயிருக்கிறது, ஒன்றாவது வழியில் கொஞ்சம் என்மேல் ஒட்டியிருக்கலாம், ஒட்டவில்லை. ஆபீசில் அடிப்பேன், பிழை பார்ப்பது வீட்டில். பிழை பார்க்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் அடித்த தாளில் வரிக்குக் கீழே அளவுகோலை நகர்த்திக்கொண்டே வர வேண்டும். எனக்குக் கிடைத்த ஆள் நீ. அப்போது உனக்குப் பதினொரு வயது, கால் தரையில் எட்டாது, எதிர் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒன்று விடாமல் படிப்பாய், கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி தொடக்கம், அடைப்புக்குறி முடிவு. அந்தப் பழக்கத்தில் பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கும்போதும் நடுநடுவே கமா சொல்லி, டீச்சர் என்னைக் கூப்பிட்டு விட்டார்கள். அதை ஆபீசில் வந்து சொன்னது என் தப்பு, அன்றிலிருந்து உன் பெயர் கமாதான். போன மாதம்கூட எங்கள் பழைய பியூன் பஸ்ஸில் பார்த்து, "நம்ம கமா எப்படி இருக்கு? கல்யாணம் பண்ணிக்குமா, இல்ல அதுக்கும் கமா போட்டு வச்சிருக்கா?" என்று கேட்டான். நான் சிரித்து வைத்தேன், இதில் உள்நோக்கம் ஒன்றும் இல்லை, கேட்டதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது நீ கேட்ட கேள்விகள் இன்னும் என் காதில் இருக்கின்றன. அவரைக்காய்ச் செடிக்கு இடைவெளி எவ்வளவு விட வேண்டும் என்று மூன்று வருஷம் பார்த்த வேளாண்மைக்காரர் பக்கத்தைப் படித்துவிட்டு, "ஒவ்வொரு காயையும் எண்ணியிருப்பாராப்பா, நடுவுல மறந்துட்டா என்ன பண்ணுவார்?" என்று கவலைப்பட்டாய். பங்கு விலையைத் தினமும் பார்க்கிறவர்களைவிட வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கிறவர்களுக்கு நஷ்டம் குறைவு என்று ஒரு நிதிப் பேராசிரியர் எழுதியிருந்தார், உடனே நீ, அப்படியானால் மார்க் ஷீட்டையும் வருஷத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்று அம்மாவிடம் போய் நியாயம் பேசினாய், பேராசிரியர் சொன்னது அம்மாவிடம் எடுபடவில்லை. கணினித் துறைக்காரர் ஒருவர், கையெழுத்தைப் படிக்கிற இயந்திரம் செய்திருப்பதாகவும் அது பத்து எழுத்தில் ஒன்பதைச் சரியாகப் படிப்பதாகவும் எழுதிக் கொடுத்தார், அவர் கையெழுத்தில் பத்துக்கு மூன்றுகூட எனக்குப் புரியவில்லை. "சார், இதை அந்த மிஷின்கிட்டயே குடுத்திருக்கலாமே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நீ அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். என் நகைச்சுவைக்கு அவ்வளவு நேரம் சிரித்த ஆள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒரு வருஷம் அச்சாகி, வெளியே அனுப்பியது போக மிச்சமிருந்த நானூறு புத்தகத்திலும், முப்பத்தோராம் பக்கத்தில் நீயும் நானும் திருத்தச் சீட்டு ஒட்டினோம், பசை உன் முடியிலெல்லாம் அப்பிக்கொண்டது. ஏன் ஒட்டினோம் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பது சரியல்ல. அந்தப் பக்கம் குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா எழுதியது. மூச்சு இழுப்பு வருகிற குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஒரு மாத்திரையும், மீதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாவு மாத்திரையும் கொடுத்து நாலு வருஷம் பார்த்திருக்கிறார்கள். கடைசி வரியில், மருந்தினால் பலன் காணப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். நான் அதை அடிக்கும்போது யோசித்தேன், அதுதான் நான் செய்த முதல் தவறு, டைப்பிஸ்ட் யோசிக்கக் கூடாது. பாவம், நாலு வருஷம் ராப்பகலாக உழைத்த அம்மா, பலன் இல்லை என்று தானே போய் எழுதிக்கொள்வார்களா, அவசரத்தில் தப்பாக எழுதியிருப்பார்கள், நாலு பேர் பார்த்தால் சிரிப்பார்களே என்று இரக்கப்பட்டு, பலன் காணப்பட்டது என்று அடித்துவிட்டேன். யாருடைய நாலு வருஷமும் வீணாகப் போவது எனக்குப் பிடிக்காது. அன்று மாலை பிழை பார்க்கும்போது நீ, உள்ளது உள்ளபடி, பலன் காணப்படவில்லை முற்றுப்புள்ளி என்று படித்தாய். என் அளவுகோல் ஒரு நொடி நின்றது. நீ நிமிர்ந்து பார்த்து, "சரியா இருக்காப்பா?" என்று கேட்டாய். "சரியா இருக்கு, மேல படி" என்றேன்.

புத்தகம் வெளியே போன அடுத்த வாரம் டாக்டரம்மா ஆபீசுக்கு வந்தார்கள். சத்தம் போடுவார்கள் என்று பயந்தேன், போட்டிருந்தால் தேவலை. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து வைத்து, "இல்லைன்னு கண்டுபிடிக்க எனக்கு நாலு வருஷம் ஆச்சு. நீங்க ஒரே வரியில இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டீங்களே" என்றார்கள். அதோடு விடவில்லை. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு இன்னொரு ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் அன்று காலையில் போன் செய்தாராம், நாங்களும் அந்த மாத்திரையை ஆரம்பித்துவிட்டோம், ரொம்ப நன்றி என்று. அந்த மாத்திரையால் குழந்தைகளுக்குத் தூக்கம் கெடுகிறதாம், சாப்பாடு இறங்காதாம், அதையும் சகித்துக்கொண்டு கொடுத்தால் இழுப்பாவது குறைகிறதா என்றால் அதுவும் இல்லையாம். அதைத்தான் அவர்கள் எழுதியிருந்தார்கள். நான் இரக்கப்பட்டது அவர்கள் ஒருவருக்காக, அதற்கு விலை கொடுத்தது எங்கேயோ முகம் தெரியாத குழந்தைகள்.

கமா, வயலில் நிற்கிறவருக்கும் என்னைப்போல் கை தவறும், அவர் விரலும் படத்தில் விழும். எனக்கு நேர்ந்தது மருந்துக் கடையில் ஒரு சிரிப்போடு போயிற்று. அவருக்கு நேர்ந்தால் ஒரு வருஷத்துப் பயிருக்கு இழப்பீடு இல்லை என்று பதில் வரும், அவர் யாரிடம் போய்க் கேட்பார்? நாலு வருஷ உழைப்பு, பட்டம், அங்கே வேலை, எல்லாம் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். கைடு கோபித்துக்கொண்டால் இன்னும் ஒரு வருஷம் இழுக்கும் என்று நீ அம்மாவிடம் அழுததையும் அம்மா சொன்னாள். இழுக்கட்டும். அறை வாடகைக்குக் கஷ்டம் என்றால் நாங்கள் இருக்கிறோம், ஒன்றுமே சரிப்படவில்லை என்றால் உன் அறை இங்கே அப்படியே இருக்கிறது, அதில் இப்போது அம்மா துணி மடித்து வைத்திருக்கிறாள், எடுத்துவிடலாம். அந்த அத்தியாயத்தை எடுக்காதே. வயலில் பாதிதான் சரி என்பதும் நீ கண்டுபிடித்ததுதான், அதற்கும் உன் நாலு வருஷம்தான் போயிருக்கிறது. இதையெல்லாம் பள்ளிக்கூடம் தாண்டாத ஒருவன் ஆய்வு செய்கிற பெண்ணுக்கு எழுதுவது வேடிக்கைதான், ஆனால் இந்த ஒரு பாடத்தில் எனக்கு அனுபவம் அதிகம்.

இருபத்தெட்டாம் தேதிதான் ஆய்வேடு கொடுக்கக் கடைசி நாள் என்று அம்மா சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள், அதற்குள் இந்தக் கடிதம் கிடைத்துவிட வேண்டும், கிடைத்ததும் ஒரு வரி தகவல் சொல். காலையில் வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. தலைக்குக் குளித்த ஈரத்தோடு வெளியே போகாதே. நீ எடுத்த காரியம் எதுவானாலும் நேர்மையாய் நடந்து நன்றாய் முடிய அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம், தீர்க்காயுசாக இரு. இதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால் கடிதம் முடிந்துவிடும், போட வரமாட்டேன் என்கிறது கை. டாக்டரம்மா போன பிறகு சூப்பிரண்டு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார், பள்ளிக்கூடம் விட்டு வந்து எனக்காகக் காத்திருந்த நீயும் என் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றாய். இது எப்படி நடந்தது என்று அவர் கேட்டார். வேலை போய்விடும் என்ற பயத்தில், "வீட்டுல குழந்தைதான் சார் படிச்சா, மாத்திப் படிச்சிருப்பா" என்றேன். சீட்டு ஒட்டும்போதுதான், "இனிமே மெதுவா படிக்கிறேம்பா" என்றாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்தாய், உன்னைப்போல் கவனமான பெண் உண்டா என்று ஊரே மெச்சியது, நானும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். குழந்தை சரியாகத்தான் படித்தாள் சார், மாற்றியது நான்தான் என்று அன்று அந்த அறையில் நான் சொல்லவில்லை.

உன் அப்பா