பதினெட்டு நாள் ‘வழக்கம்போல்’

மார்ச் 3
பொலிகாளை சண்டியரின் விந்துச் சோதனை மூன்றாவது முறையும் தேறவில்லை. டாக்டரம்மா என்னையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். எங்கள் பண்ணையின் மற்ற காளைகளுக்கு உலை கொதிக்கிற மாதிரி இருக்கும். இதற்குப் பாதி அசையவே இல்லை, அசைந்தவையும் தள்ளாடின. பெயர் மட்டும் சண்டியர். வாளி விழுந்தால்கூட மிரண்டு என் பின்னால் வந்து ஒளியும், அறுநூறு கிலோ உடம்பை வைத்துக்கொண்டு.

“கன்னா இருக்கும்போது இதுக்கு ஏதாவது ஆச்சா? பால் குறைஞ்சது, பயந்தது? முதல் மாசங்கள்ல பட்டது இப்பதான் தெரியும்” என்றார்.

“கன்னோட பால் கணக்கு அட்டையைப் பாருங்க மேடம், நான்தானே எழுதினேன்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 4
தலைவலி.

மார்ச் 6
இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். அது இரண்டு மாதக் கன்றாக இருந்தபோது என் மனைவிக்கு ஆபரேஷன். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. லீவு கேட்டால் கன்றுக் கொட்டிலை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள் என்று பயம். காலையில் ஓடிவந்து பாலைக் கொடுத்துவிட்டு, பூட்டிக்கொண்டு ஓடிவிடுவேன். மூன்று வேளைப் பால் ஒரு வேளையானது. கொட்டிலில் அப்போது அது ஒன்றுதான். நாள் முழுக்கத் தனியாகக் கத்தியிருக்கும். அட்டையில் பதினெட்டு நாளும் ‘வழக்கம்போல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படுபாவி.

மார்ச் 9
தலையில் இடி விழுந்தது. அட்டையில் குறை இல்லை, அதனால் குறை பரம்பரை ரத்தத்தில்தானாம். சண்டியரின் தம்பியையும் — அதே தாய், அதே தகப்பன், நாலு மாதக் கன்று — வெள்ளிக்கிழமை அண்ணனோடு கசாப்பு லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டார்கள். அதை ஒரு வேளைகூடத் தவறாமல் பால் கொடுத்து வளர்த்தேனே!

மார்ச் 10
டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அட்டையை என் முன்னால் தள்ளினார்.

“உங்க கையெழுத்துதானே? கன்னுக்குட்டியைக் காப்பாத்தக் கதை விடுறீங்கன்னுதான் மேல நினைப்பாங்க.”

எனக்கு எதிர்சாட்சி நானேதான். இனி யார் காலில் போய் விழுவது?

மார்ச் 11
மனைவியிடம் சொன்னேன்.

“அப்ப நீங்க என்கூட இருந்தது தப்புங்கிறீங்களா?”

“ஐயோ, இல்லடி.”

“பின்ன?”

அவளே அலமாரியைக் குடைந்து அந்த வருஷத்து நாட்குறிப்பை எடுத்துப் போட்டாள். “தினம் எழுதுற ஆளாச்சே. இதைக் கொண்டுபோய்க் காட்டுங்க.”

புரட்டினேன். ‘இன்றும் ஒரு வேளைதான். பூட்டும்போது கத்தியது. இவள் இன்னும் கண் திறக்கவில்லை.’

மார்ச் 12
டாக்டரம்மா பதினெட்டு நாளையும் படித்தார். இவள் பிழைக்கமாட்டாள் என்று நான் புலம்பியதையும் சேர்த்து. கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் முடிவு வந்தது. தம்பி தப்பித்தது. என்னைக் கன்றுக் கொட்டிலிலிருந்து எடுத்துப் புல் வெட்டும் வேலையில் போட்டுவிட்டார்கள்.

“சண்டியர்?” என்றேன்.

“காரணம் தெரிஞ்சிடுச்சுன்னா சரியாயிடுமா?” என்றார். அவர் முகமும் நன்றாக இல்லை.

மார்ச் 13
காலையில் லாரி வந்தது. லாரியில் சாய்த்த பலகையில் கால் வைக்காமல் சண்டியர் நின்றுவிட்டது. நாலு பேர் தள்ளியும் நகரவில்லை. கடைசியில் புல் வெட்டிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

லாரிக்குள் ஏறி நின்று, “வாடா” என்றேன்.

வந்துவிட்டது.