கிணற்றை நிறுத்தாத காரணம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் மகளுக்கு இருமல் விட்டுவிட்டது. உன் மனைவிதான் கோபத்தில் இருக்கிறாள். போன வாரமே கரைக்கு வர வேண்டியவன், கிணறு முடியவில்லை என்று சொல்லிக் கடலிலேயே உட்கார்ந்திருக்கிறானே, அங்கே வேறு குடும்பம் வைத்திருக்கிறானா என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன்.

போனில் பேச முடியாததால்தான் எழுதுகிறேன். நீங்கள் தோண்டும் அந்தக் கடல் மேடை, அந்த ரிக்கில் போன் இருப்பது ரேடியோ அறையில். நீ பேசும்போதெல்லாம் பின்னால் யாராவது நிற்கிறார்கள். விடுப்பில் வந்த உங்கள் நர்ஸ் நாளை ஹெலிகாப்டரில் திரும்புகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

எண்ணெய் இருக்கும் என்று நம்பித் தோண்டிய பாறை அடுக்கில் வெறும் உப்புத் தண்ணீர்தான், மூடிவிட்டுக் கிளம்பப் போகிறோம் என்று நீதானே சொன்னாய்? பிறகு திடீரென்று இன்னும் ஆழமாகப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. கீழே நல்ல அறிகுறி இருப்பதாக உங்களிடம் சொன்னார்களாம். அப்படி ஒன்றும் கிடையாது. பாறைகளை ஆராய்கிறவர்கள் யாரும் அந்த ஆழத்தைக் கேட்கவில்லை. கேட்டது கம்பெனி ஆபீசில் நான் வேலை பார்க்கும் கணக்குப் பிரிவு.

எண்ணெய் தேடித் தோண்டும் கிணற்றின் செலவை, முடிவு தெரியும் வரை நாங்கள் சொத்து என்று வைத்திருப்போம். எண்ணெய் கிடைத்தால் சொத்தாகவே நிற்கும். வறண்ட கிணறு என்று தெரிந்துவிட்டால் மொத்தத்தையும் நஷ்டமாக எழுத வேண்டும். இந்த வருடம் அப்படி எழுதினால் கடன் கொடுத்த வங்கி கழுத்தைப் பிடிக்கும். அதனால் வருடக் கணக்கு முடியும் வரை துளைமுனை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுகிற வரை முடிவு தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

எங்கள் நிதி மேலாளர் இதை ஒளிக்கக்கூட இல்லை. என் மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "முனை நிக்காம இருந்தா போதும்மா, மத்ததெல்லாம் தானா நிக்கும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவர் பார்த்த ரிக், வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் படம் மட்டும்தான்.

ஆனால் நீ ஞாயிற்றுக்கிழமை மகளிடம் பேசும்போது, உள்ளே விட்டதைவிட அதிகமாகச் சேறு மேலே வருகிறது என்று கதை மாதிரிச் சொன்னாய். "பூமி ஏப்பம் விடுதுடா கண்ணு" என்றாய். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிணற்றுக்குள் நிற்கும் அந்தச் சேறுதான் கீழே இருக்கும் அழுத்தத்தை அமுக்கி வைக்கிறது, அதையே மேலே தள்ள ஆரம்பித்தால் ஆபத்து என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான்.

அன்றிலிருந்து போன் அடித்தால் மற்றவர்கள் எடுக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். எடுத்தவர்கள் முகத்தை மட்டும் பார்க்கிறேன்.

நாளை வெளியிலிருந்து தணிக்கையாளர் வருகிறார். இவர்கள் தோண்டுவது எண்ணெய்க்காக இல்லை, தேதிக்காக என்று அவரிடம் சொல்லப் போகிறேன். என் வேலை போனால் போகட்டும். துளையிடும் இயந்திரத்தை ஓட்டும் டிரில்லர் நீ. கிணற்றை அடைக்கும் பொத்தான் உன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே.

உன் அக்கா

*

தம்பி,

துறைமுகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

தணிக்கையாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். திட்டமிட்ட அடுக்கு வறண்டது என்று தெரிந்த அன்றே முடிவு தெரிந்துவிட்டது, அதற்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அதுவரை ஆன செலவு நஷ்டம்தான் என்று மேலாளரிடம் சொன்னார். மேலாளர் ஃபைலை மூடிவிட்டு, "அப்ப இனிமே தோண்டி ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றார். கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொல்வது போல. ஒரு தேதிக்காகத்தானா நீங்கள் அத்தனை பேரும் அங்கே நின்றீர்கள்?

இப்போதே ரிக்கைக் கூப்பிடுங்கள் என்றேன். என் குரலைக் கேட்டு எனக்கே பயமாக இருந்தது. அவர் கூப்பிட்டார். ரேடியோ அறையில் எடுத்தவர், கீழிருந்து வாயு ஏறிவிட்டது, டிரில்லர் யாரையும் கேட்காமல் கிணற்றை அடைத்துவிட்டார், ஆட்களைப் படகில் ஏற்றுகிறோம் என்றார். அதோடு இணைப்பு அறுந்துவிட்டது.

முதல் படகு வந்துவிட்டது. நர்ஸ் அதில்தான் வந்தாள். என் கடிதத்தை உன்னிடம் கொடுக்க நேரமே கிடைக்கவில்லையாம். அவள் போய் இறங்கும்போதே அபாய மணி அடித்துக்கொண்டிருந்ததாம். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "உங்க தம்பியாலதான் நாங்க உயிரோட வந்தோம்" என்றாள். நீ எங்கே என்று கேட்டேன். அடைப்பைப் பார்த்துக்கொள்ளச் சிலர் மேலேயே நின்றுவிட்டார்களாம். அதில் நீயும் ஒருவனாம்.

வாயுவை அமுக்கக் கனமான சேறு ஏற்றிக்கொண்டு ஒரு படகு இப்போது உங்களிடம் கிளம்புகிறது. படகோட்டியிடம் இந்தக் கடிதத்தையும் பழையதையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.

உன் மனைவி என் பக்கத்தில்தான் இருக்கிறாள். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அழவில்லை. நீ ஏதாவது சாப்பிட்டிருப்பாயா என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். ஒரு பொட்டலம் கட்டி அதே படகில் அனுப்புகிறாள்.

அடைப்பு தாங்கினால் அந்தச் சேற்றை உள்ளே விட்டுவிட்டுக் கிளம்பி வா. தாங்காது போலத் தெரிந்தால் எதையும் காப்பாற்ற நினைக்காதே. இரும்புதானே, போகட்டும். முதலில் படகில் ஏறு. சின்ன வயதில் நான் சொன்னதற்கு நேர்மாறாகத்தான் எப்போதும் செய்வாய். இந்த ஒரு தடவை அக்கா பேச்சைக் கேள்.

அப்பா சீக்கிரம் வந்துவிடுவார் என்று உன் மகளிடம் சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே, கண்ணா.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா