முதல் நாளில் போக வேண்டிய வீடு

கசாலி, ஏப்ரல் 27

என் குதிரைக்குட்டி தர்ஹானுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் தங்கை இன்கார் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், பசு கறக்கிறது, கூரை ஒழுகவில்லை, நீயும் அந்தக் கொரியாவில் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ கேட்பாய். போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறாய், தண்ணீர் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்காதா. அதனால் கையால் எழுதிக் கொடுக்கிறேன், இன்கார் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள், படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், படிப்பாள். நாங்கள் அஸ்தானாவுக்கு ஊர் பார்க்கப் போகிற ஏற்பாட்டைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் அதற்குள் நம் பழைய சம்பந்தி ஒரின்பசார் வீட்டு விஷயம் ஒன்று இருக்கிறது, அதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, நீ கடைசிவரை பொறுமையாகப் படி.

ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கும் பயணச்சீட்டை உன் அப்பா ஆறு வருஷமாக வாங்கி வாங்கி அலமாரியிலேயே காலாவதியாக்கிக்கொண்டிருந்தார், இந்த வருஷம் இன்கார் விடவில்லை. மே பதினொன்றாம் தேதி இரவு இங்கே ஏறினால் நடுவில் ஒரு தடவை வண்டி மாறி பதின்மூன்று காலை ஏழு பத்துக்கு அஸ்தானா, பதினாறு இரவு திரும்ப வண்டி, ஆக முழுசாக நாலு நாள். முப்பத்துநாலு வருஷம் சுத்தியலால் வண்டிச் சக்கரத்தைத் தட்டித் தட்டி விரிசல் பார்த்த மனுஷர் ஊர் சுற்றுவதையும் அப்படியே தட்டிப் பார்க்கிறார். போன வருஷத்து நாள்காட்டியின் பின்பக்கத்தில் கோடு போட்டு, 8.40 தேநீர், 9.05 பைதெரெக் கோபுரம் ஏறுதல், 9.50 இறங்குதல் என்று எழுதி வைத்திருக்கிறார். இறங்காமல் அங்கேயே குடித்தனம் நடத்துவோமா என்று கேட்டேன், சிரிக்கவில்லை. கழிப்பறைக்கு ஆறு நிமிஷம் போட்டிருந்தார், அது எனக்குப் போதாது என்றேன், "கிழவி, உனக்குன்னு தனியா பதினொண்ணு போட்டிருக்கேன், கண்ணாடியைப் போட்டுட்டுப் பாரு" என்றார், உண்மையிலேயே போட்டிருந்தார். இன்காருக்கு அந்தப் பெரிய கூடாரக் கடைக்குள் மேல்மாடியில் மணல் கொட்டிக் கடற்கரை மாதிரி வைத்திருக்கிறார்களாமே, அங்கே போய்க் குளிக்க வேண்டுமாம். இந்தக் கசாலியில் தினமும் காலையில் வாசலிலிருந்து நான் கூட்டித் தள்ளுகிற மணலை அங்கே சீட்டு வாங்கிப் படுத்துப் பார்க்கப் போகிறாள், போகட்டும், அவள் வயசு. உன் அப்பாவுக்குக் கண்ணாடிக்குள் சுறாமீன் பார்க்க வேண்டும், அதற்கு இரண்டாம் நாள் முழுக் காலையும் ஒதுக்கியிருக்கிறார். நான் கேட்டது ஒன்றே ஒன்று, ஆற்றங்கரையில் காலை நீட்டி ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும் என்றேன், மூன்றாம் நாள் 16.20 முதல் 16.45 வரை கொடுத்திருக்கிறார். அங்கே நம் உறவில் ஏழு வீடு இருக்கிறது, ஒவ்வொரு வீட்டுக்கும் போனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆடு விழும், மேசையை விட்டு எழுந்திருக்க முடியாது, நாலு நாளில் நாலு கோபுரத்தை அல்ல நாலு சமையலறையைத்தான் பார்த்துவிட்டு வருவோம். அதனால் தனியாக ஒரு வீடு வாடகைக்கு எடுத்துத் தங்குவது, கடைசி நாள் மத்தியானம் உன் பெரியப்பா மகன் துலேகென் வீட்டில் எல்லோரையும் ஒரேயடியாகப் பார்த்துவிடுவது என்று முடிவு. துலேகென் ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான், பிறகு சரியாகிவிடுவான்.

எல்லாம் முடிந்தது என்று போன செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இன்கார் வாடகை வீட்டு முகவரியைப் படித்தாள், படித்துவிட்டு "இது மோல்திர் அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவாச்சே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மூன்று வருஷத்தில் அந்தப் பெயர் நம் வீட்டில் கேட்டது அதுதான் முதல் தடவை. உன் அப்பா அப்பத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை. நான்தான் கேட்டேன், ஒரின்பசார் வீட்டுக்கு எந்த நாள் போகிறோம் என்று. "எதுக்குப் போகணும்" என்றார். துக்கம் கேட்கத்தான் என்றேன், ஒரின்பசார் செத்துப் பதினைந்து மாசம் ஆகிறது, நாற்பதாம் நாளும் போய்விட்டது, வருஷ நினைவு விருந்தும் போய்விட்டது, நாம் அந்த வாசலை மிதிக்கவில்லை, துக்கம் கேட்காத வீடு இருக்கிற ஊரில் நான் எப்படிக் கோபுரத்தில் ஏறிப் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வது என்றேன். "சம்பந்தமே முறிஞ்சு போச்சு, அப்புறம் என்ன சம்பந்தி, ஊர் பார்க்கப் போறோம், ஊரைப் பார்த்துட்டு வருவோம்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கு நினைவிருக்கும், உனக்கென்று நிச்சயம் செய்து நான் மோல்திர் காதில் தோடு போட்ட அன்றைக்கு, அவர்கள் அப்போது கைசிலொர்தாவில் இருந்தார்கள், சம்பந்தம் உறுதி என்பதற்கு அவள் அப்பா ஒரின்பசார் ஈரலையும் ஆட்டு வால்கொழுப்பையும் தன் கையால் எடுத்து உன் அப்பா வாயில் ஊட்டினார், கன்னமெல்லாம் எண்ணெய் வழிய இரண்டு பேரும் சிரித்தார்கள். அதைச் சொல்லித்தான் கேட்டேன், "அந்த மனுஷன் கையால வாங்கித் தின்னீங்களே, அது வயித்துலேர்ந்து வெளியே வந்துடுச்சா, தோடு வேணா சும்மா கிடக்கலாம், தின்ன ஈரலை எந்த மாப்பிள்ளை போன் பண்ணித் திருப்பி எடுப்பான்" என்றேன். இன்கார் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் ஏன் அப்போது போகவில்லை என்பதை உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். அவர் இறந்து எட்டாம் நாள் ரயில்வே ஆட்கள் மூலமாகச் செய்தி வந்தது. பனி கொட்டுகிறது என்று சொன்னோம், உன் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் என்று சொன்னோம், பசு கன்று போடப் போகிறது என்றுகூடச் சொன்னோம், கன்று அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் போட்டது. உண்மையில் வெட்கம்தான். கொரியாவுக்குப் போன நீ இரண்டு வருஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு வருஷம் கழித்து, அந்தப் பெண்ணைக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று போனில் சொன்னாய் அல்லவா, அதற்கு அப்புறம் எந்த முகத்தோடு போவது என்று இருந்துவிட்டோம். எல்லாம் தர்ஹான் செய்த வேலை, அவனால்தான் எங்களால் அந்த வீட்டுக்குப் போக முடியவில்லை என்று நான் பக்கத்து வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன். நீ செய்தது சரி என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன், அது வேறு கணக்கு. மூன்று நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன், ஒரின்பசார் மனைவி குல்சிரா எண் இன்னும் சம்பந்தியம்மா என்ற பெயரில்தான் இருக்கிறது, மாற்றவே இல்லை. வெள்ளிக்கிழமை மாட்டுக் கொட்டிலுக்குள் போய் நின்றுகொண்டு கூப்பிட்டேன். உன் அப்பா வைக்கோல் அள்ளுகிற மாதிரி பின்னாலேயே வந்து நின்றார்.

குல்சிரா எடுத்தவுடன் குரலைக் கண்டுபிடித்துவிட்டாள், "ரவுஷான் சம்பந்தியம்மாவா, உங்க ஊர்ல போன் வேலை செய்யுதா" என்றாள். எனக்கு இருந்த பதற்றத்தில் துக்கம் கேட்பதை முதலில் சொல்லாமல், அடுத்த மாசம் நாலு நாள் ஊர் பார்க்க வருகிறோம் என்று உளறிவிட்டேன். இவ்வளவு வயசாகி எந்தப் பெண்ணும் செய்யாத தப்பு அது. "ஓ, ஊர் பார்க்க வர்றீங்களா, கோபுரம் பார்க்கணும், கூடாரம் பார்க்கணும், நல்லாருக்கும், எங்க வீடு எத்தனாவது நாள்ல எழுதியிருக்கீங்க" என்றாள். நான் எழுதவே இல்லை என்று சொன்னேன், வேறு என்ன சொல்ல. அவள் வீட்டில் கெண்டி கொதிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், ஒரின்பசாருக்கு நல்ல இடம் கிடைக்கட்டும், பிந்தி வந்த வார்த்தைக்கு மன்னித்துக்கொள் என்று. அவள் ஆமீன் சொன்னாள். மோல்திர் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "அவளைப் பத்திக் கேட்க உங்களுக்கு உரிமை இல்ல, ஆனாலும் சொல்றேன், கரகந்தாவுல பல் டாக்டரா இருக்கா, நல்லாருக்கா" என்றாள். அதோடு வைத்துவிடுவாள் என்று நினைத்தேன், வைக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறேன். அவர் போன ரெண்டாம் நாளே உங்க மகன் போன் பண்ணான். பத்து நிமிஷம் பேச்சே வரல அவனுக்கு, நான்தான் அவனைத் தேத்த வேண்டியதாப் போச்சு. நாப்பதாம் நாளும் பண்ணான், வருஷத்துக்கும் பண்ணான். எங்கப்பா அம்மா வந்தாங்களா அத்தைன்னு கேட்டான். வந்தாங்கப்பா, ரெண்டு பேரும் வந்தாங்க, உங்கப்பா வாசல்லயே அழுதுட்டாருன்னு சொன்னேன்." ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "கடல் தாண்டித் தனியாக் கிடக்கிற பிள்ளை, அவன்கிட்ட போய் உங்க மானத்தை நான் எதுக்கு எடுக்கணும்" என்றாள்.

ஆகவே தர்ஹான், நாங்கள் போகவில்லை. வாசலிலும் அழவில்லை, ஒரு வரி எழுதவும் இல்லை. அந்த வீட்டுப் பேச்சை எடுக்கக் கூடாது என்று உன் அப்பா போட்ட கட்டளைக்குப் பயந்து நீ எங்களிடம் கேட்காமல் அங்கே கேட்டாய், அவள் எங்களைக் காப்பாற்றிப் பதில் சொல்லியிருக்கிறாள், நாம் அவளுக்குச் செய்ததற்கு அவள் அதைச் செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. போனை வைத்த பிறகு எனக்கு அழுகைகூட வரவில்லை, கூச்சம்தான் வந்தது, மாட்டின் முகத்தைப் பார்க்கக்கூடக் கூச்சமாக இருந்தது. குற்றம் செய்தவன் நீ என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம், செய்ய வேண்டியதை நீ இரண்டாம் நாளே செய்து முடித்திருக்கிறாய். அதை எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தாயே என்று உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன், திட்டு வரவில்லை. போனில் அவள் குரல் பின்னால் நின்ற உன் அப்பாவுக்கும் கேட்டிருக்கிறது, நான் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வைக்கோலைப் போட்டுவிட்டு உள்ளே வந்து நாள்காட்டியை விரித்து முதல் நாளில் இருந்த கோபுரம், கூடாரம், மசூதி எல்லாவற்றையும் பென்சிலால் அடித்தார், அடித்துவிட்டு, "ஏழு பத்துக்கு வண்டி, எட்டு மணிக்கு அந்த வீடு" என்றார். எத்தனை மணிக்கு அங்கிருந்து கிளம்புவது என்று இன்கார் கேட்டாள். அதற்கு நேரம் எழுதவில்லை, அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறார். போனை வைக்கும் முன் குல்சிராவும் முதல் நாளைத்தான் சொன்னாள், முதலில் எங்கள் வீடு, கோபுரம் காலில்லாதது, எங்கேயும் போகாது என்றாள். வெறுங்கையோடு போக மாட்டோம், நல்ல உலர்மீனும் இரண்டு பை குர்த் தயிர்க்கட்டியும், நான் போன குளிர்காலத்தில் தைத்த சிவப்பு மெத்தை விரிப்பும் கட்டி வைத்திருக்கிறேன், அவருக்காகக் குர்ஆன் ஓத நம் தெரு முல்லாவிடம் உன் அப்பா இப்போதே உட்கார்ந்து பாடம் பார்த்துக்கொண்டிருக்கிறார், நடுவில் மறந்துவிடுவோமோ என்று அவருக்குப் பயம்.

மற்றபடி இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. நீ கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது மூக்குக்கவசம் போட்டுக்கொள், வேர்க்கிறது என்று கழற்றாதே, உன் சித்தப்பா இருமுகிற இருமல் உனக்கு வேண்டாம். குளிர்ந்த சோற்றைத் தின்று படுக்காதே, எத்தனை நேரம் ஆனாலும் ஒரு கிண்ணம் சூடான தேநீராவது குடி. உன் வழி வெளிச்சமாக இருக்கட்டும், போன இடமெல்லாம் உனக்கு நல்ல மனுஷர்கள் கிடைக்கட்டும், உன் தலைக்கு வருவது எதுவும் காற்றோடு போகட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. குல்சிராவைக் கூப்பிட்டு இதைப் பற்றி எதுவும் கேட்காதே, உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. பதின்மூன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் அவள் வாசலில் நிற்போம், உன் அப்பாவை எனக்குத் தெரியும், உள்ளே போகும் முன்னேயே அழுதுவிடுவார். அதற்கு அப்புறம் அவள் உன்னிடம் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யாக இருக்காது.

உன் அம்மா
ரவுஷான்