ரசம் ஓடும், வத்தக்குழம்பு நிற்கும்

நம் மகள் லால்குடியிலிருந்து வந்து வத்தக்குழம்பு வைத்திருக்கிறாள். எண்ணெய் பிரிந்து சுண்டி வரும் அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் உன் எரிமலைப் பாடம் ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்தில் உன்னை முதன்முதலாகப் பெரிய வகுப்புக்குப் போட்டிருந்தார்கள். மறுநாள் நீ பாடம் நடத்துவதைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்று உனக்குப் பயம். கல்யாணச் சமையல் முடித்து மத்தியானம் திரும்பிய நான் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ சோறு போடாமல் புத்தகத்தோடு நிற்கிறாய்.

"ஏங்க, பாறைக்குழம்புன்னா பசங்களுக்கு எப்படிங்க புரிய வைக்கிறது?"

"அது எந்த ஊர்க் குழம்பு? புளி உண்டா?"

"கேலி பண்ணாதீங்க. பூமிக்கு அடியில கல்லு உருகிக் கிடக்கு, அதுங்க."

சொன்ன வேகத்தில் என் இலையில் சோற்றைக் குவித்து, உச்சியில் குழி பண்ணி ரசத்தை ஊற்றினாய். அது சரிந்து, இலையைத் தாண்டித் தரைக்கு ஓடியது. "முதல்ல வர்றது இப்படித்தான், தண்ணியா ரொம்ப தூரம் ஓடும்" என்றாய். அடுத்து வத்தக்குழம்பு. அது ஊற்றிய இடத்திலேயே நின்றது. "உள்ளேயே கிடந்து ஆற ஆற, கனமான மணிமணியா கல்லு உறைஞ்சு அடியில தங்கிடும். மிச்சம் கெட்டியாகி வாயை அடைச்சுக்கும். ஆவிக்கு வழியில்லாம வெடிக்கும்."

எனக்கு ஒப்பவில்லை. "பருப்பு அடியில தங்கினா மேல தெளிவுதானே நிக்கும்? கெட்டியா எப்படி ஆகும்?"

"உங்க அண்டா வேற, மலை வேறங்க. அங்க மிச்சத்துல மணல் சத்து கூடிப்போகும். அதான் பசையாட்டம் ஆயிடுது." சிரித்தாய்.

மறுநாள் வகுப்புக்கு இலையும் சோறும் கொண்டுபோனாய். "அதிகாரி ஒண்ணும் சொல்லலீங்க. பசங்கதான் எரிமலையைத் தின்னுட்டாங்க" என்று வந்து சொன்னாய்.

அதன்பிறகு எத்தனை பாடம்! நான் சாப்பிடுவேன், நீ சொல்வாய். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. போன தை மாதம் டிவியில் ஏதோ ஒரு மலை புகைந்தது. "ரொம்ப வருஷம் அடைச்சுக் கிடந்த மலை திரும்ப எழுந்தா, முதல்ல வர்றது கெட்டியா, தண்ணியா?" என்று கேட்டேன்.

"அடியிலேர்ந்து புதுசு ஏறி வந்து பழசோட கலக்கும். அது பெரிய கதைங்க. கொஞ்சம் படுத்துக்கறேன், சாயங்காலம் சொல்றேன்."

சாயங்காலம் உனக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம் வரவே இல்லை; நீயும் போய்விட்டாய். இப்போதெல்லாம் நான் சாப்பிடும்போது வீட்டில் தட்டுச் சத்தம் மட்டும்தான்.

இதை எழுதிக்கொண்டே மகள் கேட்கிறாள்: "போன்ல பார்த்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்பா. படிச்சுக் காட்டவா?"

வேண்டாம் என்று போனை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தக் கேள்வி என்னிடமே இருக்கட்டும். வேறு யார் சொல்லியும் அது எனக்குத் தெரியவேண்டாம். சாயங்காலம் சொல்கிறேன் என்றவள் நீ.