லாரி டயர்

ஞாயிறு இரவு.

சைக்கிளுக்கு டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் மாற்றியபோது, முள்ளுக்குத் தாங்கட்டும் என்று நான் தடித்த டயராக வாங்கினேன். கூட ஓட்டும் சேகர் வேகத்துக்காக மெல்லியதை வாங்கினான். சந்தவாசல் டீக்கடையில் எல்லார் முன்னாலும், "இன்னாடா, லாரி டயரா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இன்று மலை ஏறினோம். மேலே, வண்டிகள் மிதிக்கட்டும் என்று சாமைக்கதிரைச் சாலையில் பரப்பி, ஆடு வராமலிருக்க ஓரத்தில் முள்கிளை போட்டிருந்தார்கள். கதிரின் மேல் போனால் சக்கரம் வழுக்கும்; ஒதுங்க வேறு வழியில்லை. இருவரும் முள்ளின் மேல்தான் போனோம். என் டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுடையது கிழிந்தது. டயருக்குள் இருந்து ஓட்டையை அடைக்க வேண்டிய வெள்ளைத் திரவம் அவன் காலெல்லாம் தெறித்தது.

"டேய் நில்லுடா, பிளக் இருந்தா குடுறா!"

ஓட்டையில் செருகும் ரப்பர் பிளக் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

"லாரிய நடுரோட்ல நிறுத்த முடியாதுடா" என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

இப்போதுதான் போன் செய்தான். அடிவாரம் வரை தள்ளிக்கொண்டே வந்தானாம். குரல் அடங்கியிருந்தது.

"நாளைக்கு டயர் வாங்கப் போறேன். எத வாங்கட்டும், நீயே சொல்லு."

"உன் வேகத்துக்கு அந்த மெல்லிசுதாண்டா சரி" என்றேன்.

"தேங்க்ஸ்டா" என்றான்.