‘பிக்’ என்றால் பறிப்பது

பிப்ரவரி 11
பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் முக்கத்தஸுக்கு ஆங்கிலப் பாடம். என் ஓரகத்தி. எங்களுக்குள் சண்டைக்குக் குறைவிருந்ததில்லை. இப்போது அதற்கு நேரமில்லை. போன அறுவடையில் வால்நட் மரத்தை உலுக்க ஏறிய அவள் கணவன், என் கொழுந்தன் மிரோலிம், கிளையோடு விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்து இன்னும் படுக்கைதான். அவள் இங்கிலாந்துக்குப் பழம் பறிக்கப் போகவேண்டும். அந்த வேலை கிடைக்காவிட்டால் அவர்கள் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

“ஐ பிக் வால்நட்” என்று ஒப்பித்தாள். தப்பு என்றேன்.

பிப்ரவரி 13
மரத்திலிருந்து எடுத்தாலும் மண்ணிலிருந்து எடுத்தாலும் எங்கள் உஸ்பெக்கில் ‘தெர்மோக்’ ஒன்றுதான். ஆங்கிலத்தில் அப்படியில்லை. ‘பிக்’ என்றால் செடியில் இருப்பதைப் பறிப்பது. நாம் வால்நட்டை உலுக்கி விழவைத்து, கீழே பொறுக்குகிறோம். அதற்கு ‘கேதர்’ என்று சொல்லிக் கொடுத்தேன்.

“எடுக்கறதுக்கு எத்தனை வார்த்தை அக்கா? அவங்களுக்கு வேற வேலை இல்லையா?”

பிப்ரவரி 22
இன்றும் ‘பிக் வால்நட்’. இன்றும் திருத்தினேன்.

மார்ச் 5
வீடியோ நேர்காணல். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் என்ன பறித்திருக்கிறாய் என்று நேர்காணல் நடத்திய பெண் கேட்டாள். முக்கத்தஸ் நிதானமாகச் சொன்னாள்.

“நோ பிக். நத்திங்.”

அத்தோடு முடிந்தது.

மார்ச் 6
“முற்றத்துச் செர்ரியை யாருடி பறிச்சா?” என்று கேட்டேன்.

“அது வேலையா? வாய்க்குள்ள போறது. நீதானே அக்கா, நம்ம பறிக்கறதே இல்ல, பொறுக்கறோம்னு மூணு வாரம் தலையில அடிச்சுச் சொன்ன. பொய் சொல்லச் சொல்றியா?”

யாருக்கு வேண்டும் என் இலக்கண சுத்தம் — கட்டிலில் கிடப்பவனுக்கா?

மார்ச் 9
ஓஷ் நகரத்து ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு வேனில் போனேன். என் பாடத்தால் வந்த வினை என்று சொன்னேன். அங்கிருந்தவர் சிரித்தார். “டீச்சர், இத்தனை பேர்ல பொய் சொல்லாதவ அவ ஒருத்திதான்.” இன்னொரு முறை பேசவைக்கிறேன் என்றார், வேலைக்கு வாக்குத் தரவில்லை.

மார்ச் 17
இரண்டாவது நேர்காணல். இந்தமுறை நான் எதுவும் திருத்தவில்லை. வீட்டுப்பக்கமே வராமல் பள்ளியில் உட்கார்ந்திருந்தேன்.

மாலையில் அவளே வந்தாள். “செர்ரின்னு சொன்னேன். எவ்வளவுன்னு கேட்டா. என் பிள்ளைங்க திங்கறளவுன்னேன். அவளும் சிரிச்சுட்டா அக்கா.”

மார்ச் 25
கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 19
போய்விட்டாள். பேருந்து ஏறுகிறவரை என் கையை விடவில்லை. அவள் பிள்ளைகள் என்னிடம். சின்னது பாத்திரம் கழுவும்போதும் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே நிற்கிறது.

மே 8
மிரோலிம் ஊன்றுகோலைத் தொடவே மாட்டேன் என்கிறான். “பொண்டாட்டி சம்பாதிக்கறா, எனக்கென்ன அவசரம் அண்ணி” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கோபம் வந்தது. வெளியே வந்து அழுதேன்.

ஜூன் 14
முக்கத்தஸின் குரல்செய்தி. ரொட்டியும் தேநீரும் வைத்து, கட்டிலருகே எல்லாரும் கேட்டோம்.

“அக்கா, நீ சொன்னது சரிதான். இங்க செடியில இருக்கறதை மட்டும்தான் எடுக்கணும். கீழ விழுந்ததைத் தொடவே கூடாதாம். விழுந்தா விழுந்ததுதான், அப்படியே விட்டுட்டுப் போகணும். நல்ல பழம் அக்கா, சிவப்பா கிடக்குது. தாண்டிப் போக மனசே வரமாட்டேங்குது. குனிஞ்சு குனிஞ்சு மேஸ்திரிகிட்டத் திட்டு வாங்கறேன்.”

மிரோலிம் மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டான்.

ஜூன் 20
பதில் அனுப்பவேண்டும், என்ன சொல்ல என்று மிரோலிமைக் கேட்டேன். ஊன்றுகோலோடு வாசற்படியில் நின்றிருந்தான், வியர்த்துக் கொட்டியது.

“விழுந்தது இன்னிக்கு வாசல் வரைக்கும் நடந்துச்சுன்னு சொல்லுங்க அண்ணி.”