முள் நிற்கும் இடம்

வேங்கிக்கால் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் பரணிலிருந்து நம் பழைய ஸ்பிரிங் தராசை இறக்கினார். கொக்கியில் ஒன்றும் இல்லை. முள் மட்டும் இருநூறு கிராமில் நின்றது.

"இது கெட்டுப் போச்சி சார். பழைய இரும்புக்குப் போட்டுறட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். கையெல்லாம் துரு வாசனை.

நாம் செங்கம் ரோட்டில் வாடகைக்கு இருந்த நாட்கள். மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னது ஒன்றுதான்: எடை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், ஏறாமல் நின்றால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். நீ இயற்பியல் டீச்சர், சும்மா இருப்பாயா? இந்தத் தராசை வாங்கி வந்து உத்திரத்தில் மாட்டினாய். உன் பழைய புடவையில் பாப்பாவைக் கட்டித் தொங்கவிட்டு, புடவையின் எடையைக் கழித்து, காலையில் முதல் வேலையாக எனக்குச் சொல்வாய். முள் நகராத அன்று உனக்குச் சோறு இறங்காது. நான் ஆபீசில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் ஊரிலிருந்து என் அண்ணன் அரிசி மூட்டையோடு வந்தார். "எவ்ளோ இருக்கும்னு பாத்துறலாங்க" என்று அதைத் தராசில் மாட்டச் சொன்னவள் நீதான். தூக்கம் கண்டு பல நாளான கண்கள் உனக்கு. மூட்டை தரையை விட்டு எழும்புவதற்குள் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டியது. இறக்கி வைத்துவிட்டு மறந்துபோனோம்.

மறுநாள் பாப்பா ஒரே நாளில் இருநூறு கிராம் ஏறியிருந்தாள். "நம்ம ஊரு அரிசி வந்த நேரம்டா" என்றார் அண்ணன், என்னமோ பாப்பாவே சோறு சாப்பிட்டது மாதிரி. நான் கோயிலுக்கு ஓடித் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தால், நீ வெறும் தராசுக்குக் கீழே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய்.

"வெறும் கொக்கிக்கே இருநூறு காட்டுதுங்க. பாப்பா ஏறவே இல்ல."

ரப்பரைவிட எஃகுக்குத்தான் மீட்சித்தன்மை ஜாஸ்தி என்று என்னோடு மல்லுக்கு நின்றவள் நீ. எவ்வளவு விறைப்பான கம்பியும் ஓர் எல்லைக்கு மேல் இழுபட்டால் பழைய நீளத்துக்கு வராது என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போட்டவள். அதுவே மறந்துபோகும் அளவுக்குக் களைத்திருந்தாய்.

வேறு தராசு வாங்கலாம் என்றேன். நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கொக்கியில் மாட்டினாய். எழுநூறு காட்டியது. "இருநூறு கழிச்சா சரியா வருது பாருங்க. நீண்டது இனிமே திரும்பாது. ஆனா அங்கேருந்து ஒழுங்காத்தான் இழுக்குது. முள்ளு எங்க நிக்குதோ, அதான் நமக்கு சைபர்" என்றாய்.

அந்தக் கையோடு ஆட்டோ பிடித்து டாக்டரம்மாவிடம் போனோம். நல்லவேளை உடனே வந்தீர்கள் என்றார். பிறகு பாப்பா மெல்ல மெல்ல ஏறினாள். கடைசிவரை இதே தராசுதான்.

இப்போது அவள் பெங்களூரில் இருக்கிறாள். நீ கண்ணை மூடியதிலிருந்து தினமும் போன் செய்கிறாள். "கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிடுவீங்கப்பா" என்கிறாள். ஆவேன் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளிடம் அதைச் சொல்வதில்லை.

வெள்ளையடித்தவர் போன பிறகு தராசைச் சமையலறை ஜன்னலில் மாட்டினேன். கடையில் வாங்கிய தக்காளியைத் தொங்கவிட்டு, இருநூறு கழித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. ரசம் வைத்தேன்.

காலையில் கண் விழிக்கும்போதே, இன்னும் ஒன்றும் நடக்காதபோதே, நெஞ்சில் ஒரு கனம் இருக்கிறது. அதை இறக்கி வைக்கப் பார்த்துப் பார்த்து ஓய்ந்திருந்தேன். இனி இறக்கப் பார்க்கப் போவதில்லை. அதுதான் எனக்கு சைபர்.